சாயம் ஏற்றாமல் பார்ப்பது



கணக்கு எழுதுபவனுக்கு நுணுக்குக்காட்டியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சென்ற வருடம் என் வைத்தியர், "ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, நடக்கத் தொடங்குங்கள்" என்றார். குளிசை இல்லையா என்று கேட்டேன். என் நிலைக்கு இல்லை என்றார். இந்த நோய் முற்றி, ஈரலில் அழற்சியும் தழும்பும் வந்தவர்களுக்கான முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 2024இல்தான். அப்படியென்றால் மருந்தை எப்படித் தேடுகிறார்கள் என்று வாசிக்கத் தொடங்கினேன்.

ஆய்வுகூடத்தில் கலங்களைச் சிறு குழிகளில் வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருளை விட்டுப் பார்க்கிறார்கள். 96 குழிகள் உள்ள தட்டு வழக்கமானது. ஆனால் கலம் ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி. சாதாரண நுணுக்குக்காட்டியில் உள்ளே இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அதனால் சாயம் ஏற்றுவார்கள். பல சாயங்களுக்குக் கலத்தைக் கொன்றாக வேண்டும். உயிரோடு இருக்கும் கலத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, மணிக்கணக்காகக் கடும் ஒளி பாய்ச்சினால், அந்த ஒளியே கலத்தை வாட்டிவிடும். பிறகு கலம் சோர்ந்தது மருந்தாலா, சாயத்தாலா, ஒளியாலா?

இது எனக்குப் பழகிய சிக்கல்தான். கணக்காய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால், முதல் நாளே கடையின் தட்டுகள் ஒழுங்காகிவிடும். நாங்கள் பார்ப்பது கடையை அல்ல, எங்கள் வருகையை.

சாயமில்லாமல் பார்க்க வழி உண்டா? உண்டு. ஒளியியல் அடர்த்தி கூடிய பொருளுக்குள் ஒளி மெதுவாகப் போகும். தண்ணீருக்குள் கரண்டி முறிந்ததுபோலத் தெரிவது இதனால்தான். இந்தத் தாமதத்தை வெளிச்ச வித்தியாசமாக மாற்றிக் காட்டிய நெதர்லாந்துக்காரர் செர்னிக்கேக்கு 1953இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த படி எங்கள் சுவிஸில் நடந்தது. லவுசான் நகரின் ஈ.பி.எவ்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யான் கொத் என்பவரும் கூட்டாளிகளும், சாயமில்லாமலே கலத்தின் முப்பரிமாணப் படத்தை எடுத்து 2013இல் வெளியிட்டார்கள். அதே வருடம் நனோலைவ் என்ற நிறுவனமும் உருவானது. மெல்லிய லேசர் ஒளியைப் பல கோணங்களில் சாய்த்துச் செலுத்துவார்கள். எந்த இடத்தில் ஒளி எவ்வளவு தாமதித்தது என்பதைக் கணினி கூட்டிக் கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கே படமாகிறது. கொழுப்புத் துளிகள் ஒளியை நன்றாகத் தாமதப்படுத்துவதால் பளிச்சென்று தெரியும். மருந்து விட்டபின் துளிகள் சுருங்குகின்றனவா, பெருகுகின்றனவா என்று அதே கலத்தை நாட்கணக்காகப் பார்க்கலாம்.

ஆனால் வரவை மட்டும் சொல்லிச் செலவை மறைக்கக்கூடாது. இம்முறை கலத்தின் உருவத்தையும் அசைவையும் காட்டும். இது இன்ன புரதம் என்று பெயர் சொல்லாது. அதற்குச் சாயம் இன்னும் வேண்டும். தட்டில் நல்ல பெயர் எடுத்த பொருளும் மனித உடலில் தோற்றுப்போகலாம். இந்தக் கருவி மருந்து தராது. பொய்க்கணக்கு ஒன்றை ஆரம்பத்திலேயே கழித்துவிட உதவும். அதுவே பெரிய லாபம்.

ஆகவே, "ஈரலைச் சுத்தம் செய்யும்" என்று யாராவது தூள் விற்க வந்தால், எந்தக் கலத்தில், எந்த மனிதரில் பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வைத்தியரிடமும் கேளுங்கள். நான் இப்போதைக்குத் தினமும் நடக்கிறேன்.