அகிலின் மணமும் தில்லையின் அமானிதமும்

புகழனைத்தும் அகிலத்தின் இரட்சகனாம் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



ஜும்ஆ நாளில் நறுமணம் பூசுவது ஸுன்னத். இப்னு உமர் (ரலி) அவர்கள் அகிற்கட்டையைப் புகைத்து மணமேற்றிக் கொள்வார்கள்; அது நபிகளாரின் வழக்கம் என்றும் கூறினார்கள் என ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நாம் ‘ஊது’ என்றழைக்கும் அந்த மணம் எங்ஙனம் உண்டாகிறது? நலமாக நிற்கும் அகில் மரத்தில் அது இல்லை. மரம் காயம்பட்டு, உள்ளே பூஞ்சை புகும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினே கட்டையில் ஊறி மணமாகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

எம்மரத்தில் பிசின் உண்டென்பது வெளியிலிருந்து எளிதில் புலப்படாது. ஆகவே பேராசை கொண்டோர் கண்ட மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தனர். வடகிழக்கு இந்தியக் காடுகளில் அகில் அருகியது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. காட்டில் அழிந்துவரும் அம்மரத்தை அஸ்ஸாம் மக்கள் தம் வீட்டுத் தோட்டங்களில் நட்டு வளர்க்கின்றனர். வெட்டுவோர் நடவும் வேண்டும் என்பதே அதில் நமக்குப் பாடம்.

அகில் நம் கடற்கரை மரமன்று. எனினும் அதன் பெயரைத் தாங்கிய மரம் நம் பிச்சாவரத்தில் நிற்கிறது. அதுவே தில்லை. அதன் தாவரவியல் பெயரிலுள்ள ‘அகல்லோகா’ என்பது அகிலைக் குறித்த பழஞ்சொல். சிதம்பரம் தில்லை எனப் பெயர் பெற்றதும் இம்மரத்தாலேயே.

தில்லையும் கண்டலும் சுரபுன்னையும் செறிந்த இக்காட்டை 1970கள் வரை பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டினர். வெயில் பட்ட நிலம் தாழ்ந்தது; ஓதநீர் தேங்கியது; உப்பு மிகுந்தது; கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கால்வாய்கள் வெட்டி நீரை ஓடவிட்டு, கன்றுகளை நட்டனர். காடு மீண்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அடர்ந்த காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது.

பயிர்களை அழித்துத் திரிவதைக் குழப்பம் என அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் கண்டிக்கிறான். கியாமத் நெருங்கினாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஆகவே அலையாத்தி மரத்தை விறகுக்கென வெட்டாதீர்கள். ஓதக் கால்வாய்களில் குப்பை கொட்டாதீர்கள். ஊது வாங்குகையில் அது நட்டு வளர்த்த மரத்தினதா எனக் கேளுங்கள். நம் பிள்ளைகளின் கையில் ஒரு கன்றேனும் கொடுங்கள். அதில் பறவை உண்பதும் நமக்கு ஸதகாவாகும்.

வல்ல ரஹ்மான் இந்த அமானிதத்தைப் பேணும் நல்லடியார்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.