தீர்ப்புக்குப் பின் எஞ்சும் ஒலி



போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பியானோக் கலைஞர்களுக்கான பன்னாட்டுப் போட்டி ஒன்று நடைபெற்று வருகிறது. அங்கே வாசிக்கப்படுபவை ஒரே ஒருவருடைய படைப்புகள். அவர் பிரெடெரிக் ஷோப்பான். யெர்சி ஜூராவ்லெவ் என்னும் பியானோ ஆசிரியரின் முயற்சியால் 1927இல் தொடங்கிய போட்டி இது. ஒரு கவிஞனின் பாடல்களையே பலரும் அடுத்தடுத்துப் படித்துக்காட்ட, அவர்களுள் எவர் குரல் அக்கவிஞனுக்கு அணுக்கமானது என்று ஒரு குழு முடிவு சொல்வதை ஒத்தது இம்முறை. இதிலுள்ள இடர்ப்பாட்டைக் கவிஞர்கள் கூடிய அவையில் விரித்துரைக்கத் தேவையில்லை.

நடுவர் தீர்ப்பு ஓரிரவில் முடிந்துவிடுகிறது. ஒலிப்பதிவோ வழக்கைத் திறந்தே வைத்திருக்கிறது. வார்சாப் போட்டியின் பழைய ஒலிப்பதிவுகளைப் போற்ற வேண்டிய காரணம் இதுவே.

ஒலியின் சான்று இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்குத் தொடக்க காலமே எடுத்துக்காட்டு. 1927இல் முதற்பரிசு பெற்றவர் லெவ் ஓபோரின். அதே போட்டியில் குடல்வால் அழற்சியின் வலியோடு வாசித்து, ஒரு நற்சான்றிதழுடன் ஊர் திரும்பிய இருபது வயது இளைஞர் திமித்ரி ஷோஸ்டகோவிச். பின்னாளில் இசைத்தட்டுகளில் அவர் விட்டுச்சென்றது பெரும்பாலும் தம் சொந்தப் படைப்புகளையே. ஷோப்பானை அவர் எவ்வாறு வாசித்தார் என்பதற்கு அந்தச் சான்றிதழே இன்று சாட்சி. 1932இல் அலெக்சாண்டர் உனின்ஸ்கியும் பார்வையற்ற இம்ரே உங்காரும் சமமான மதிப்பெண் பெற்றனர். நாணயத்தைச் சுண்டி முதலிடம் உனின்ஸ்கிக்கு வழங்கப்பட்டது. 1927இல் மூன்றாம் பரிசு பெற்ற ரூஷா எட்கின் 1945 ஜனவரியில், வார்சா விடுபடவிருந்த வேளையில், ஜெர்மானியப் படையினரால் கொல்லப்பட்டார். போட்டி தொடங்கிய பில்ஹார்மோனிக் அரங்கமும் போரில் அழிந்து, மீண்டும் எழுப்பப்பட்டு, 1955ஆம் ஆண்டுப் போட்டியோடுதான் திறக்கப்பட்டது.

போருக்குப் பின் 1949இல் நடந்த முதற்போட்டியில், வாசிப்பவர் இன்னார் என்று தெரியாதபடி நடுவர்கள் திரைக்கு அப்பால் அமர்ந்து கேட்டனர். முகமும் நாடும் மறைந்து ஒலி மட்டும் வந்து சேரும் அந்த ஏற்பாடு, ஒலிப்பதிவைக் கேட்பவனின் நிலைக்கு ஏறத்தாழ நிகரானது.

இப்பதிவுகள் தரும் பாடங்களுள் தலையாயது மசூர்காவைப் பற்றியது. போலந்தின் நாட்டுப்புற ஆட்டத்திலிருந்து பிறந்த வடிவம் அது. தாளம் மூன்று தட்டு. ஆனால் அழுத்தம் முதல் தட்டில் நிலைகொள்ளாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சென்று விழும். அதனால் தட்டுகளின் நீளமும் நெகிழும். ஷோப்பானே வாசித்தபோது, மூன்றுக்குப் பதிலாக நான்கு தட்டு ஒலிப்பதாகச் சார்ல்ஸ் ஹாலே என்னும் இசைக்கலைஞர் எடுத்துச் சொன்னார். ஷோப்பான் மறுத்தார். ஹாலே உரக்க எண்ணிக்காட்டவே, அது தம் நாட்டு ஆட்டத்தின் இயல்பு என்று சிரித்தபடி விளக்கினாராம். அலகிட்டால் ஒரு கணக்கு, வாய்விட்டுப் படித்தால் வேறொரு கணக்கு என்பது யாப்பறிந்தவர்க்குப் புதிதன்று.

ஷோப்பான் மறைந்தது 1849இல். அந்த நெகிழ்ச்சி எவ்வளவு என்பதை அளந்து சொல்லும் ஒலி எதுவும் இல்லை. இருந்தும், மசூர்கா போலந்து மண்ணில் பிறந்தவர்க்கே வசப்படும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. போலிஷ் வானொலி வழங்கும் மசூர்காப் பரிசை 1955இல் பெற்றவர் சீனத்தின் ஃபூ சாங்; 1965இல் அர்ஜென்டினாவின் மார்த்தா ஆர்கெரிச்; 1980இல் வியட்நாமின் தாங் தாய் சோன். ‘மண்ணின் மணம்’ என்ற சொல்லை எளிதாகக் கையாளும் திறனாய்வாளர்கள் இம்மூவர் வாசிப்பையும் ஒருமுறை கேட்பது நல்லது.

தீர்ப்பில் நடுவர்களே முரண்பட்டதும் உண்டு. 1955இல் ஆதாம் ஹராசியேவிச்சுக்கு முதலிடமும் விளாதிமிர் அஷ்கனாசிக்கு இரண்டாமிடமும் தரப்பட்டபோது, நடுவருள் ஒருவரான மைக்கேலாஞ்சலி கையொப்பமிட மறுத்தார். அதைவிடப் பெரிய புயல் 1980இல் எழுந்தது. யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த இவோ போகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அவர் ஒரு மேதை என்று அறிவித்து மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகினார். அதற்கு முன்பே, அதே இளைஞர் அடுத்த சுற்றுக்கு அனுமதிக்கப்பட்டதைப் பொறாமல் லூயிஸ் கென்ட்னர் விலகியிருந்தார். ஒருவரை உள்ளே விட்டதற்காக ஒரு நடுவரும், வெளியே அனுப்பியதற்காக மற்றொரு நடுவரும் எழுந்து செல்வது எந்தச் சங்கப்பலகையும் கண்டிராத காட்சி.

போகொரெலிச்சின் புகழ் அன்றிரவே தொடங்கிவிட்டது. மறு ஆண்டே அவருடைய ஷோப்பான் இசைத்தட்டு ஒரு பெரிய நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அந்த ஆரவாரத்தில் நிழலில் நின்றவர், முதற்பரிசு பெற்ற தாங் தாய் சோன். ஆசியாவிலிருந்து இப்போட்டியில் முதலிடம் பெற்ற முதல் கலைஞர் அவர். போர்க்கால வியட்நாமில் வளர்ந்து மாஸ்கோவில் பயின்றவர். தோற்றவரின் கதை வென்றவரின் இசையை மூடிவிட்டது. இருவர் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் அந்த மூடுதிரை விலகுகிறது. போகொரெலிச் ஒவ்வொரு சொற்றொடரையும் கேள்விக்குள்ளாக்கி, எதிர்பாராத இடத்தில் நிறுத்தி, கேட்பவரைத் தம் பக்கம் திரும்பச் செய்கிறார். தாங் தாய் சோனின் வாசிப்பு தன்னை முன்னிறுத்துவதே இல்லை. மூச்சின் ஒழுங்கோடு பாடிச் செல்கிறது. அநீதிக்கு ஆளானவர் போகொரெலிச் ஒருவர்தானா என்ற ஐயத்தை எழுப்புவது அந்த ஒலிநாடா.

1990இலும் 1995இலும் முதற்பரிசுக்கு எவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1995இல் இரண்டாம் பரிசைப் பகிர்ந்தளித்தபோது அதை ஏற்க மறுத்த அலெக்சேய் சுல்தானோவ், 2005இல் தம் 35ஆம் வயதில் மறைந்தார். அவர் தரப்பு வாதமும் இனி ஒலிநாடாவில்தான்.

ஒலிப்பதிவும் முழு உண்மை ஆகாது. ஒலிவாங்கி கருவிக்கு அருகில் இருக்கிறது, நடுவரோ தொலைவில். மாடத்தின் கடைசி வரிசைவரை மெல்லிய ஒலியைக் கொண்டுசேர்க்கும் ஆற்றல் அரங்கில் பெரிய கலை. நாடாவில் அதற்கு வேலையில்லை. அதேவேளை, ஒட்டியும் வெட்டியும் குற்றம் களைந்த பதிவுக்கூட இசைத்தட்டில் காணமுடியாத ஒன்று இங்கே உண்டு. தவறிய விரல், அவையின் இருமல், அதற்குப் பின் மீண்டும் நிமிரும் துணிவு ஆகியவை அப்படியே பதிவாகியிருக்கின்றன.

2010 முதல் ஷோப்பான் நிறுவனம் போட்டியை நடத்திவருகிறது. வாசிப்புகள் இணையத்தில் உலகெங்கும் உடனுக்குடன் கேட்கின்றன. 2015இல் நடுவர்களின் மதிப்பெண்களும் வெளியிடப்பட்டன. வெற்றிபெற்ற தென்கொரியாவின் சோங் ஜின் சோவுக்கு இறுதிச் சுற்றில் பலர் 9 வழங்க, பிலிப் ஆந்த்ரமோன் 10க்கு 1 வழங்கியிருந்தார். சினந்தவர் பலர். ஆனால் அந்த ஒற்றை எண்ணையும் அதே இரவின் ஒலியையும் ஒருசேர வைத்து ஆராயும் வாய்ப்பு 1932இல் எவருக்கும் இருந்ததில்லை.

அதே 2015இல் நான்காம் பரிசு பெற்றவர் அமெரிக்காவின் எரிக் லூ. தாங் தாய் சோனிடம் பயின்றவர்களுள் ஒருவர். பத்தாண்டு கழித்து, 2025இல், அதே அரங்கில் மீண்டும் போட்டியிட்டு முதற்பரிசு பெற்றார். வளர்ந்தது அவர் விரலா, நடுவர்களின் செவியா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளின் பதிவுகளும் காத்திருக்கின்றன.