நோகாத புண்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. எங்களில் சிலருக்கே இருக்கும். இல்லாவிட்டால் அம்மாவுக்கோ மாமிக்கோ வீட்டுக்காரருக்கோ இருக்கும். சீனி வருத்தம் என்றவுடன் கண்ணையும் சிறுநீரகத்தையும் நினைக்கிறோம். காலை நினைப்பது குறைவு. நீரிழிவு உள்ள நூறு பேரில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். நீரிழிவாளரின் கால் அகற்றப்படும்போது, பெரும்பாலும் அதன் தொடக்கம் இப்படியான ஒரு சிறு புண்தான். அந்தப் புண் ஏன் மற்றவர்களின் புண்ணைப் போல ஆறுவதில்லை? அதற்கு எங்கள் நிர்ப்பீடனத் தொகுதி என்ன செய்கிறது? இதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

1882 ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில், மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குடம்பிகளின் உடலில் சிறு முட்களைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது முள்ளைச் சுற்றிக் கலங்கள் திரண்டு நின்றன. கிருமிகளை விழுங்கும் கலங்களைப் பற்றிய எங்கள் அறிவு அங்கேதான் தொடங்கியது. 1908 இல் அவருக்கும் போல் ஏர்லிக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காலில் ஒரு முள் குத்தினால் எங்கள் உடலிலும் அதுவே நடக்கிறது. சில நிமிடங்களில் குருதிச் சிறுதட்டுகள் கசிவை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் நியூத்திரோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் வந்து பற்றீரியாக்களை விழுங்குகின்றன. வேலை முடிந்ததும் அங்கேயே இறக்கின்றன. இரண்டு மூன்று நாட்களில் மக்ரோபேஜ் எனும் பெருவிழுங்கிகள் பெருகுகின்றன. இவை இறந்த கலங்களையும் சிதைந்த இழையங்களையும் உண்டு இடத்தைத் துப்புரவாக்குகின்றன. அந்தத் துப்புரவு வேலையே அவற்றின் குணத்தையும் மாற்றுகிறது. அதுவரை சண்டையிட்டவை, புதிய குருதிக் குழாய்களையும் தோலையும் வளரச் சொல்லும் இரசாயனச் செய்திகளை அனுப்பத் தொடங்குகின்றன. காயம் ஆறுவது இந்த மாற்றத்தில்தான் தங்கியிருக்கிறது.

நீரிழிவில் இரண்டு பக்கமும் பிழைக்கிறது. குருதியில் சீனி கூடியிருந்தால் நியூத்திரோபில்களின் நடமாட்டமும் கிருமியைக் கொல்லும் திறனும் குறைகின்றன. குருதிக் குழாய்கள் ஒடுங்கியிருந்தால் அவை காயத்துக்கு வந்து சேர்வதே கடினம். அதே வேளை, வந்தவை ஓய்வதும் இல்லை. நியூத்திரோபில்கள் தங்கள் மரபணுப் பொருளையே வலை போல வீசிக் கிருமியைப் பிடிப்பதுண்டு. நீரிழிவில் இந்த வலைகள் அளவுக்கு மிஞ்சி உருவாகிக் காயம் ஆறுவதைத் தடுக்கின்றன என்று 2015 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பெருவிழுங்கிகளும் துப்புரவாக்கும் வேலையில் பின்தங்கி, சண்டைக் குணத்திலேயே நின்றுவிடுகின்றன. அங்கே சுரக்கும் நொதியங்கள் புதிதாக உருவாகும் இழையத்தையே அரிக்கின்றன. ஆகவே ஆறாத புண்ணில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று சொல்வது அரைவாசி உண்மைதான். கிருமியை வெல்லவும் பலமில்லை, சண்டையை நிறுத்தவும் தெரியவில்லை.

இதில் ஆபத்தான விடயம், இவ்வளவும் சத்தமில்லாமல் நடப்பது. நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் நோ தெரிவதில்லை. பாரதூரமான கிருமித் தொற்று இருக்கும்போதுகூட ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குக் காய்ச்சலும் இருக்காது, குருதிப் பரிசோதனையில் வெண்கலங்களும் கூடியிருக்காது. “நோகவில்லை, காய்ச்சலும் இல்லை, இரண்டு நாள் பார்ப்போம்” என்று சொல்லும் நாட்களில் தொற்று எலும்பு வரை போய்விடலாம். நீரிழிவாளரின் காலில் நோகாத புண்தான் கூடிய கவனத்துக்குரியது.

அப்படியானால் என்ன செய்யலாம்? சண்டையை நீடிக்கச் செய்யும் காரணங்களை ஒவ்வொன்றாக அகற்றுவதுதான் சிகிச்சை.

முதற் காரணம் அழுத்தம். புண்ணின் மேல் வைக்கும் ஒவ்வோர் அடியும் அதைப் புதுக் காயமாக்குகிறது. பாதத்தோடு பொருந்தும் பிளாஸ்டர் வார்ப்புப் போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறையை 1930களில் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் மில்றோய் போல். தொழுநோயாளரின் பாதப் புண்களுக்காக அவர் அதைச் செய்தார். பின்னர் வேலூரில் பணிபுரிந்த வைத்தியர் போல் பிராண்ட் அம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். இன்று நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு அது உலகறிந்த சிகிச்சை.

இரண்டாவது, இறந்த இழையம். அதை வைத்தியசாலையில் வெட்டி அகற்றினால்தான் பெருவிழுங்கிகளின் சுமை குறையும், கிருமிகள் ஒட்டி வாழும் படலமும் போகும். மூன்றாவது, கிருமி. தொற்று இருந்தால் அன்ரிபயோட்டிக் உடனே வேண்டும். இல்லாத புண்ணுக்கு அது உதவாது. பாமசியில் நாங்களாக வாங்கிப் போடுவது பிழை. நான்காவது, குருதியோட்டம். அது குறைந்திருந்தால் குழாயைத் திறக்கும் சிகிச்சை தேவைப்படலாம். இவற்றோடு, சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் வெண்கலங்களும் தங்கள் வேலையைச் செய்யும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புண் வந்தவுடன் “கிரந்தி” என்று முட்டை, மீன், இறால் எல்லாவற்றையும் நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். புண்ணை ஆற்றும் கலங்களும் புதுத் தோலும் புரதத்தால் ஆனவை. ஒவ்வாமை இல்லாத ஒருவர் மீனையும் முட்டையையும் தவிர்த்து வெறும் இரசமும் சோறும் சாப்பிட்டால் சீனி கூடும், புரதம் குறையும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறிய பிறகும் கவனம் வேண்டும். புண் ஆறிய நூறு பேரில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவும் வருகிறது. ஆகவே இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்ப்போம். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். சப்பாத்தைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுவோம். காலாணியை வீட்டில் பிளேட்டால் வெட்டாமல் இருப்போம். நல்லூர்த் திருவிழாவின் சுடுமணலிலும் கதிர்காம யாத்திரையிலும் வெறுங்காலோடு நடக்க விரும்பும் உணர்விழந்த பாதம் உள்ளவர்கள், முதலில் தங்கள் வைத்தியரோடு பேசட்டும். கடவுள் செருப்பைக் கணக்கெடுப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் காலை ஹீற்றருக்கு அருகிலோ சுடுநீர்ப் போத்தலிலோ வைக்க வேண்டாம். சூடு தெரியாத காலுக்கு அது தீக்காயம்.

வருடத்துக்கு ஒரு தடவை பாதப் பரிசோதனை செய்விப்போம். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கச் சில நிமிடங்களே போதும்; நோவும் இல்லை.

எங்களில் பலர் இன்று வெவ்வேறு நாடுகளில் வாழ்கிறோம். ஊரிலிருக்கும் அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது “சாப்பிட்டாச்சோ, மருந்து போட்டாச்சோ” என்று கேட்கிறோம். அதோடு இன்னும் ஒன்றைக் கேட்போம்: “அம்மா, ஒருக்கா காலைக் காட்டுங்கோ.” சிறு கொப்புளமோ, கறுத்த இடமோ, ஈரமான காலுறையோ கண்டால், நோகவில்லை என்று அவர் எவ்வளவு சொன்னாலும், அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புவோம்.