கிழிந்த குடையும் தைக்கும் கையும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே, யுவதிகளே!

கித்துல்கலயில் இருந்துகொண்டு குடையைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் கூறத் தேவையில்லை. களனி கங்கையின் கரையில், மலைகளுக்கிடையே அமைந்த இவ்வூர் நம் நாட்டில் மழை மிகுந்து பொழியும் இடங்களுள் ஒன்று. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை குடையின்றி வெளியே செல்வது கடினம். ஆயினும் நம் வீடுகளில் கதவின் பின்னால் பாருங்கள்: கம்பி நழுவிய குடை ஒன்றும் துணி கிழிந்த குடை இரண்டும் சாய்ந்து கிடக்கும். அவற்றை யாரும் தைப்பதில்லை. புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறோம்.

முற்காலத்தில் இம்மண்ணில் தாளிப்பனை ஓலையே குடையாக விளங்கியது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்க வல்லது என வியந்து குறிப்பிட்டுள்ளார். சீனரும் ஜப்பானியரும் காகிதத்தில் எண்ணெய் பூசிக் குடை செய்தனர். தாய்லாந்தில் சியங்மாய் நகருக்கு அருகேயுள்ள போ சாங் கிராமத்தில் மரப்பட்டைக் காகிதக் குடைகள் இன்றும் செய்யப்படுகின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்த அத்தகைய அழகுக் குடை உங்கள் வீட்டில் கிழிந்திருந்தால், கோதுமை மாவை நீரில் கரைத்துப் பசையாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கிழிசலின் ஓரங்களைப் பொருத்தி, உட்புறத்தில் மெல்லிய காகிதத் துண்டை ஒட்டி, பாதி விரித்த நிலையில் நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் பூசிய காகிதத்தில் இப்பசை சரியாகப் பிடிக்காது. எவ்வாறாயினும் அது அலங்காரத்துக்குரியது. நம் மழைக்கு ஈடுகொடாது.

மழைக்குரிய குடைக்கு வருவோம். பெரும்பாலும் பழுதாவது துணியன்று, கம்பி நுனியில் துணியைக் கட்டியிருக்கும் நூலே. நுனியிலுள்ள சிறு துளைக்குள் இரட்டை நூலைக் கோத்து நான்கைந்து முறை தைத்து முடிச்சிட்டால் போதும். பத்து நிமிட வேலை. துணி கிழிந்திருந்தால், உதவாத வேறொரு குடையின் துணியில் கிழிசலைவிடப் பெரிதாக ஒரு துண்டு வெட்டி, மூலைகளை வளைவாக்கி, உட்புறம் வைத்து நெருக்கமாகத் தையுங்கள். தையலின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் ஊசித் துளைகளில் நீர் கசிவது குறையும். ஈரக் குடையைச் சுருட்டி வைத்தால் கம்பி துருவேறும், துணி பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இனி, இதை யார் செய்வது? “உம்மா தைத்துத் தருவா” என்று மகன் சொல்கிறான். வாப்பாவும் அவ்வாறே நினைக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் வினவப்பட்டபோது, அன்னார் தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைச் செப்பனிடுவார்கள், குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஊசி பிடிப்பது ஆண்மைக்கு இழுக்கென்றால் அந்த இழுக்கை நாம் யார் மீது சுமத்துகிறோம்?

பிள்ளைகளிடம் இன்னொரு தயக்கமும் உண்டு. ஒட்டுப்போட்ட குடையோடு பாடசாலைக்குப் போக வெட்கம். மதீனாவில் ஆட்சித் தலைவராக இருந்த உமர் (ரழி) அவர்களின் சட்டையில், தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகளைக் கண்டதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. பிள்ளையிடம் இதைச் சொல்வதைவிட, தைத்த குடையை வாப்பா முதலில் பிடித்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போவது மேலானது என்பது அடியேனின் எண்ணம்.

நேயர்களே, மிகவும் கவலைக்குரிய ஒன்று எஞ்சியுள்ளது. புதிய குடை வந்ததும் கிழிந்ததை எடுத்து, தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்மணியிடம் “வைத்துக்கொள்ளுங்கள்” என்று நீட்டி, அதை ஸதகா என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்வோர் நம்மிடையே உள்ளனர். நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டோம் என்ற மட்டமான பொருளைத் தர்மத்துக்கெனத் தேடிக் கொடுக்க வேண்டாமென அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 267ஆம் வசனம் தடுக்கின்றது. அப்பெண்மணி எந்த மதத்தவராயினும் நம் அண்டை வீட்டார். கொழுந்து மலையில் அவர் மீது விழுவதும் இதே மழைதான்.

ஆகவே, கொடுப்பதாயின் முதலில் தையுங்கள். விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளையேதும் எஞ்சியுள்ளதா என்று பாருங்கள். ஒரு மழையில் நீங்களே பிடித்துச் சென்று நனையாமல் திரும்பிய பின்னர் கொடுங்கள். அல்லது அந்தப் பழையதை நீங்கள் வைத்துக்கொண்டு, வாங்கிய புதியதை அவருக்குக் கொடுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.