இழையோட்டும் கலை



மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி இரவுகள் குளிர் மிகுந்தவை. குளிருக்குப் பஞ்சு வேண்டும். அப்பஞ்சும் தேனி மாவட்டத்தில் மரத்திலேயே விளைகிறது. வருசநாடு, கடமலைக்குண்டு வட்டாரத்து இலவம் பஞ்சு போடிநாயக்கனூரில் மெத்தையாகவும் தலையணையாகவும் உருப்பெறுவதை நீங்கள் அறிவீர்கள்.

இப்பஞ்சைக் கொண்டே போர்வையும் தைக்கலாமே என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. அது எளிதன்று. பருத்தி இழை இயல்பாகவே முறுக்குடையது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இலவ இழையோ குழல் போன்றது. மெழுகு பூசினாற்போல் வழுவழுப்பானது. ஆதலின் அது நழுவும். மெத்தை தைப்போர் நீண்ட ஊசியை மேலிருந்து கீழாக ஊடுருவச் செலுத்தி, இடையிடையே முடிச்சிடுவது இந்நழுவலைத் தடுப்பதற்கே.

போர்வைக்குப் பருத்திப் பஞ்சோ பழஞ்சேலை அடுக்குகளோ ஏற்றவை. எனினும் அங்கும் ஒரு நழுவல் உண்டு. மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது நம் கண் மேல்துணியின்மீதே இருக்கிறது. அடித்துணியில் தளர்ச்சி இருந்தால், அது ஊசிக்கு முன்னே சிறுகச் சிறுக ஒதுங்கி, இறுதியில் மடிப்பாக விழுந்துவிடும். தையல் இயந்திரத்தில் இத்தொல்லை மேலும் மிகும். கீழேயுள்ள பற்கள் அடித்துணியை நகர்த்துகின்றன. மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைத் தடுக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் செல்வதில்லை.

இதற்கு மருந்துதான் இழையோட்டுதல். அஃதாவது, நிலையான தையலுக்கு முன் நீண்ட நீண்ட தையல்களால் அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிணைத்து வைப்பது.

முதலில் துணிகளைத் துவைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். அடித்துணி மற்றவற்றைவிட நாற்புறமும் நான்கு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும். அதன் நல்ல பக்கம் தரையை நோக்குமாறு விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு பொருத்துங்கள். துணி விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுபடக்கூடாது. இழுத்து ஒட்டிய துணி, விடுபட்டதும் சுருங்கித் தானே சுருக்கத்தை உண்டாக்கும். அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிவிடுங்கள். பின்னர் வெள்ளை நூல் கோத்து, நடுவிலிருந்தே தொடங்கி, நான்கு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக இழையோட்டுங்கள். சாயம் போகும் வண்ண நூல் வேண்டா, கறை தங்கிவிடும். முடிந்ததும் போர்வையைத் திருப்பி, அடித்துணியைக் கையால் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் அந்த வரிசையை மட்டும் உருவி மீண்டும் ஓட்டலாம். நிலையான தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். அது முற்றுப்பெற்றபின் இழையோட்டிய நூலை உருவிவிடலாம்.

உருவி எறியும் நூலுக்கு இத்துணை உழைப்பா என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் வீடுகளில் போர்வைக்கு வருவது பெரும்பாலும் பாட்டியின் பழஞ்சேலையே அன்றோ? பலமுறை துவைத்து மென்மையான அத்துணி ஒருமுறை ஊசியைத் தாங்கும். நெருக்கமாகத் தைத்த தையலைப் பிரித்தால் கிழிந்துவிடும்; அச்சேலைக்கு மாற்றுச் சேலை எந்தக் கடையிலும் இல்லை. அன்றியும், போர்வையின் உட்புறம் உடலோடு உறவாடுவது. அதில் விழுந்த மடிப்பு கைக்குழந்தையின் மேனியை உறுத்தும்.

வங்காளத்துப் பெண்கள் காந்தா தைக்கும் முறையும் இதற்குச் சான்று. பழஞ்சேலைகளைத் தரையில் அடுக்கி, ஓரங்களில் பளு வைத்து, பெருந்தையல்களால் பிணைத்த பின்னரே அவர்கள் பூவும் கொடியும் தைக்கத் தொடங்குவர்.

வரும் விடுமுறையில் இரண்டு பழந்துணிகளை எடுத்து, ஒரு முழ அளவில் முயன்று பாருங்கள். தைத்து முடித்ததும், மேல்புறத்தின் அழகைப் பார்க்குமுன் அதைத் திருப்பிப் பாருங்கள்.