பெரிய சிராய்ப்பைப் பார்த்தேன், சின்ன ஓட்டையை விட்டுட்டேன்

வழக்கமா இங்க கோடு, அப்ரைசல், இஎம்ஐ-ன்னு புலம்புவோம். இன்னைக்கு ஒரு குதிரை கதை.

பாகலூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு அண்ணன் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுறார். ஓசூர் பக்கம் குதிரை புதுசு இல்லை. மத்திகிரி கால்நடைப் பண்ணையே 1824-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கினது. கம்பெனி பஸ்ல அந்த வழியா போற நமக்குத்தான் தெரியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பட்டாசு சத்தத்துல அது மிரண்டு, ரோஜாத் தோட்டத்து முள்கம்பி வேலியில பாய்ஞ்சிடுச்சு. இடது தோள்ல ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், தோல் சிவந்து, ரத்தம் கசியுது. பார்க்கவே பயமா இருந்தது. ஒருத்தர் மஞ்சள் கொண்டு வந்தார், இன்னொருத்தர் கழிவு ஆயில். அண்ணன் ரெண்டையும் விடலை. எனக்கு அங்கயே அவர் மேல மரியாதை வந்துடுச்சு.

அவர் முகக்கயிற்றைப் பிடிச்சுப் பேச்சு கொடுத்துட்டே இருக்க, நான் தோள் பக்கமா நின்னு (பின்னாடி மட்டும் போயிடாதீங்க) ஹோஸ் தண்ணியை மெதுவா விட்டுக் கழுவினேன். அப்புறம் கொதிக்க வச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில 9 கிராம் உப்பு. கடைசியா பொவிடோன் அயோடினை லைட் டீ கலருக்குக் கலந்து ஊத்தினோம். அடர்த்தியா ஊத்தினா ஆற வேண்டிய திசுவையே அது கெடுக்கும்.

தோல் கிழிஞ்சிருக்கான்னும் பார்த்தேன். ஓரம் விரிஞ்சு உள்ள சதை தெரிஞ்சா அது சிராய்ப்பு இல்லை, தையல் வேணும், அதுவும் சில மணி நேரத்துக்குள்ள. இங்க அப்படி எதுவும் இல்லை. 'மைனர் பக் தான் அண்ணா'ன்னு சொல்லிட்டு, மதியம் பிரியாணி சாப்பிடப் போயிட்டேன்.

ரணஜன்னி ஊசிக்காக அண்ணன் மாட்டாஸ்பத்திரி டாக்டரை வரச் சொல்லியிருந்தார். அந்தக் கிருமி மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கு, குதிரை அதுக்கு ரொம்ப சீக்கிரம் விழுந்துடும். சாயங்காலம் வந்த டாக்டரம்மா தோளை ஒரு பார்வைதான் பார்த்தாங்க. நாலு காலையும் மேல இருந்து குளம்பு வரைக்கும் கையால தடவிட்டே வந்தாங்க. பின்னங்கால் நடுமூட்டுல கை நின்னுடுச்சு. முடிக்கு அடியில அரிசி அளவுக்கு ஒரு ஓட்டை. ரத்தமே இல்லை. இளமஞ்சளா, பிசுபிசுன்னு ஏதோ கசியுது.

'இது மூட்டுக்குள்ள இருக்கிற தண்ணி தம்பி'ன்னாங்க.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. காலையில நான் வச்ச மார்க் எல்லாமே சைஸுக்குத்தான். குதிரைக்கு இடம்தான் முக்கியம். தோள்ல சதை இருக்கு, ரத்த ஓட்டம் இருக்கு, ஆறிடும். முட்டிக்குக் கீழ சதையே கிடையாது, தோலுக்கு அடியில நேரா எலும்பு, மூட்டு, நரம்புதான். மூட்டுக்குள்ள கிருமி போய் நாள் கடந்துட்டா அந்தக் குதிரை திரும்ப ஓடாம போகலாம், உயிரே போகலாம். ஆறினாலும் கால்ல சில நேரம் சதை தாறுமாறா வளர்ந்து வெளிய தள்ளும்.

அன்னைக்கு ராத்திரியே டெம்போ பிடிச்சுப் பெங்களூரு. அங்க ஓட்டை இல்லாத பக்கமா மூட்டுக்குள்ள சுத்தமான சலைனை ஏத்தினாங்க. அது அந்த ஓட்டை வழியா வெளிய வந்தது. சந்தேகமே இல்லை. மயக்கம் கொடுத்து மூட்டைக் கழுவினாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் என் வேலை தெர்மாமீட்டர். காலையும் மாலையும் 38.5 டிகிரியைத் தாண்டுதா, வீக்கம் சூடா இருக்கா, கால் ஊனுதான்னு ஒரு ஷீட்ல போட்டேன். அண்ணன் அந்த ஷீட்டைப் பார்க்கவே மாட்டார், அது நடக்கிற சத்தத்தை வச்சே சொல்லிடுவார். மூணு முகூர்த்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கலை, அதுதான் கஷ்டமா இருந்தது.

உங்க பக்கத்துல இப்படி ஆனா 1962-க்குப் போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ். போன்ல பேசும்போது காயம் எவ்வளவு பெருசுன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்த இடத்துலன்னு சொல்லுங்க. நொண்டுதான்னும் சொல்லுங்க.

தோள்ல இப்போ தழும்பே தெரியலை. பின்னங்கால் மூட்டுல மட்டும் ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளை முடி முளைச்சிருக்கு.