சப்பாத்துக் கயிறு



லாயாங் லாயாங் என்ற ஊர்ப்பெயருக்கு மலாய் மொழியில் பட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு. பட்டம் விட்ட பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நூல் மட்டமானால் பட்டம் கைக்குத் திரும்பாது. தோல் சப்பாத்தும் அப்படித்தான். இன்று அதன் கயிற்றைப் பற்றிப் பேசுவோம். இதற்குமா ஒரு பேச்சு என்று எண்ண வேண்டாம்.

தோட்டத்துப் பையன் ஒருவன் குளுவாங்குக்கோ ஜோகூர் பாருவுக்கோ நேர்முகப் பேட்டிக்குப் புறப்படுகிறான். காலில் அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து. தோல் நன்றாகத்தான் இருக்கிறது. பேருந்து நிற்குமிடத்தில் குனிந்து இறுக்கும்போது கயிறு அறுந்துவிடுகிறது! முடிச்சுப் போட்டு ஒப்பேற்றினால், அந்த முடிச்சு துளைக்குள் நுழையாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு வீட்டில், "சப்பாத்து பழசாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்று பேச்சு எழும். பழசானது கயிறுதான். சில வெள்ளியில் முடிகிற காரியத்துக்கு நூறு வெள்ளியை எடுக்கலாமா?

கயிறு நேற்று வந்த பொருளல்ல. ஆர்மீனியா நாட்டுக் குகையொன்றில் 2008ஆம் ஆண்டு ஒரு தோல் சப்பாத்து கிடைத்தது. ஏறக்குறைய 5,500 ஆண்டுப் பழமையான அதையும் தோல் வாரால் கோத்துத்தான் கட்டியிருந்தார்கள்.

கடைக்குப் போகுமுன் பழைய கயிற்றைக் கழற்றி அளந்துகொள்ளுங்கள். அறுந்திருந்தால் இரு துண்டுகளையும் சேர்த்து அளக்கலாம். பக்கத்துக்கு நான்கைந்து துளை உள்ள சப்பாத்துக்குப் பெரும்பாலும் 70 முதல் 80 சென்டிமீட்டர் போதும். நீளம் கூடினால் காதுகள் தரையைத் தொட்டு மிதிபடும். குறைந்தால் முடிச்சு நிற்காது. கடையில் 'தாலி காசுட்' என்று கேளுங்கள். மலாயில் தாலி என்றால் கயிறு. வீட்டுப் பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி, எந்தக் கயிறு? விளையாட்டுச் சப்பாத்தின் பட்டையான கயிறு தோல் சப்பாத்துக்குப் பொருந்தாது. மெல்லிய உருண்டைக் கயிறுதான் அதன் சிறிய துளைகளுக்கு ஏற்றது. அதிலும் மெழுகு பூசிய பருத்திக் கயிறு கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பது நம் கருத்து. பளபளக்கும் நைலான் எளிதில் அறாது, உண்மைதான். ஆனால் வழுக்கும், முடிச்சு தானே அவிழும். வெறும் பருத்தி நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம் ஜோகூர் மழைக்கு ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். மெழுகு பூசியது ஈரத்தையும் ஓரளவு தடுக்கும், முடிச்சையும் பிடித்து நிற்கும். விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையாக நசுங்கினால் வேண்டாம். நுனியிலுள்ள பிளாஸ்டிக் உறையை நகத்தால் நெருடும்போது அசைந்தால் அதுவும் வேண்டாம்.

பருத்தியென்று சொல்லி விற்றது பருத்திதானா என்று ஐயமா? பழைய கயிறொன்றின் நுனியை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு, நெருப்பில் காட்டுங்கள். பருத்தி தாள்போல எரிந்து சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டின் வேறுபாட்டையும் ஒருமுறை கண்டுகொண்டால், வாங்கிய கயிற்றிலும் ஒரு நூலைப் பிரித்துச் சோதிக்கலாம். பிள்ளைகளை எட்ட நிற்கச் சொல்லுங்கள்.

நல்ல கயிறும் அவிழ்கிறதென்றால் முடிச்சைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஓடும் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு. அது முடிச்சை நெகிழ்த்துகிறது; வீசும் கால் கயிற்று நுனிகளை வெளியே இழுக்கிறது. நெகிழத் தொடங்கிவிட்டால் சில நொடிகளில் முழுதும் அவிழ்ந்துவிடுகிறது. தவறாகக் கட்டிய முடிச்சு இன்னும் விரைவில் அவிழும்.

உங்கள் முடிச்சு எது என்றறிய, கட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். இரு காதுகளும் சப்பாத்தின் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் சரி. குதிகாலையும் விரலையும் நோக்கித் திரும்பியிருந்தால் தவறான முடிச்சு. திருத்துவது எளிது. முதல் சுற்றில் வலக்கயிற்றை இடக்கயிற்றின் மேல் போடும் பழக்கமென்றால், இனி இடதை வலதின் மேல் போடுங்கள். காது போடும் முறையை மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று நாள் கை மறுக்கும், பிறகு பழகிவிடும்.

விசேஷம் முடிந்து வந்ததும் சப்பாத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள். கயிற்றை உருவி, சேற்றைத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். நுனி உறை கழன்று கயிறு பிரிந்தால், செயற்கை இழையென்றால் நுனியை நெருப்பில் இலேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தியென்றால் பசை தடவி, தையல்நூலை நெருக்கமாகச் சுற்றி, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் துளையில் தடையின்றி நுழையும்.